நாற்பத்தொரு பேர் துணியும் ஒரு சோதனை ஓட்டமும்

இருநூறு சட்டைகளைப் பேருந்தில் ஏற்றி, ஊரைச் சுற்றிக் காட்டி, இறங்கும்போது அத்தனையும் காய்ந்து மொறமொறவென்று இருக்கும்படி செய்த மனிதன் இந்தப் பூமியில் நான் ஒருவன்தான். அந்தப் பேருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் எஞ்சின் மேல் ஒரு சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போட்டவனும் நான்தான். அன்றைக்குச் சூரியன் வேலைக்கு வரவில்லை, அவர் வேலையையும் சேர்த்து நானே பார்த்தேன் என்று சொன்னால்கூட, கொஞ்சம் அடக்கிச் சொல்கிறேன் என்றுதான் அர்த்தம்.

இதை நான் ஆரம்பித்தாலே என் மனைவியின் அண்ணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கிவிடுவார். அவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வயது எழுபத்தொன்பது. யாராவது மரியாதைக்கு எண்பது என்று சொல்லிவிட்டால், பிறந்த மாதத்தைச் சொல்லித் திருத்துவார். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் முன்னறையில் உட்கார்ந்திருந்தபோதும் அதுதான் நடந்தது.

“மாப்ளே, ஒரு பஸ்ஸுல எத்தனை சீட்டு?” என்றார்.

“நான் உட்கார வைக்கலை மச்சான், தொங்க விட்டேன்.”

“போன வருஷம் நூத்தம்பது சட்டைன்னு சொன்னீங்க. வருஷத்துக்கு அம்பது குட்டி போடுது போல.”

“சரி, நீங்களே சொல்லுங்க. எத்தனை?”

“பூஜ்யம். அப்படி ஒரு பஸ்ஸே ஓடலை.”

முப்பத்திரண்டு வருடமாக இதே பதில். இதில் வேடிக்கை என்னவென்றால், அவரும் அந்தப் பேருந்தில் இருந்தார். ஓட்டியவரோ போன ஞாயிறு எங்கள் சோபாவில், அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஓட்டியவருக்கு ஹார்ன் என்று பெயர். ஆளே இல்லாத தெருவிலும் ஹார்ன் அடித்தபடி போவார் என்பதால் வந்த பெயர். இப்போது வலது காது கேட்காது. அது யார் செய்த வினை என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் காலத்தை நினைத்தால் எனக்கு முதலில் மூக்கில்தான் வரும். சோடா உப்பு, கஞ்சி, வெந்நீர் ஆவி. முப்பத்து நாலு வருடம் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் மேஸ்திரியாக இருந்தேன். ஓட்டல் படுக்கை விரிப்பு, ஆஸ்பத்திரித் துணி, கல்யாண மண்டபத்துத் திரைச்சீலை என்று வாரம் ஆறு நாளும் மலை மலையாக வரும். நான் வெளுத்த வெள்ளையைப் பார்த்துக் கண் கூசி இரண்டு கொக்குகள் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டன. ஞாயிற்றுக்கிழமை கூடத்துக்கு விடுமுறை. அன்று தெருமுனைக் கோயிலிலிருந்து சாமியின் உடைகள் மட்டும் வரும். அதை நான் கூலி வாங்காமல் என் கையாலேயே அலசி, நிழலில் உலர்த்தி, மடித்துத் தலையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரு ஞாயிறு நான் அப்படித் தலையில் சுமந்துகொண்டு கோயில் வாசலை நெருங்கும்போது, கூட வந்த என் மனைவி நின்றுவிட்டாள்.

“என்னங்க, உள்ள இருக்கிற சாமிக்கு வாரா வாரம் துவைச்சுப் போடுறீங்க. வாசல்ல உட்கார்ந்திருக்காங்களே, அவங்களுக்கு?”

“அவங்களுக்கு யாராவது பழைய துணி கொடுப்பாங்க.”

“பழசு கொடுக்கிறது இருக்கட்டும். அவங்க போட்டிருக்கிறதை எப்ப துவைப்பாங்க? ஒரே ஒரு உடுப்பு இருக்கிற மனுஷன் அதை நனைச்சுட்டு எதைக் கட்டிக்கிட்டு நிப்பான்?”

சலவைத் தொழிலில் பழுத்து, ஊறி, கஞ்சி போட்டு நின்ற எனக்கு அதுவரை இது தோன்றவே இல்லை. அன்றைக்கு எனக்கு வந்த வெட்கத்தை அளந்திருந்தால் எங்கள் பெரிய தொட்டி இரண்டு நிரம்பியிருக்கும்.

அடுத்த மாதமே தொடங்கிவிட்டோம். முதலாளியிடம் ஞாயிறு காலைக்குச் சாவி வாங்கினேன். கூடத்துக்குப் பின்னால் குளியலறைகள் இருந்தன. முன்னால், துணி பிரிக்கிற நீளமான அறை. சாலையோரத்தில் படுப்பவர்கள், மூட்டை தூக்குபவர்கள், வேலை தேடி வந்து திரும்பிப்போக வழியில்லாமல் நிற்பவர்கள் என்று யார் வந்தாலும் முதலில் வெந்நீர்க் குளியல். பிறகு உடம்பைச் சுற்றிக்கொள்ள ஒரு ஓட்டல் விரிப்பு, கையில் தேநீர். அவர்கள் உடுத்தி வந்தது அதற்குள் துவைத்து, உலர்த்தி, கிழிசல் தைத்து, பெட்டி போட்டு, இரண்டு மணி நேரத்தில் அவர்களிடமே திரும்பும். வெள்ளை விரிப்பைப் போர்த்திக்கொண்டு அவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், காட்டிலிருந்து முனிவர்கள் எல்லாம் மாநாட்டுக்கு வந்து இறங்கியதுபோல இருக்கும்.

ஒழுங்கெல்லாம் என் மனைவி வகுத்தது. கோயிலில் என்ன முறையோ அதுதான் இங்கேயும் என்றாள். நீராட்ட வேண்டும், உடுத்த வேண்டும், கடைசியில் கண்ணாடி காட்ட வேண்டும். உதவிக்கு வந்த கூடத்து ஆட்களுக்கும் தெருக்காரர்களுக்கும் ஒருவருக்கு ஒருவர் என்று பொறுப்பு. யார் துணியை யார் வாங்கினாரோ அவரே தலையில் வைத்துக்கொண்டு போய்த் துவைத்து, அவரே திரும்பக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். இரண்டு கையாலும் கண்ணாடியைப் பிடித்து, “பாருங்க சாமி” என்று சொல்ல வேண்டும். எத்தனையோ பேர் அந்தக் கண்ணாடியைப் பார்த்ததும் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்திருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம். வந்தவரிடம் கேள்வி கேட்கக் கூடாது.

“சாமிகிட்ட போய் உன் பேர் என்ன, எந்த ஊரு, ஏன் இப்படி ஆனேன்னு கேட்போமா? அவரா சொன்னா கேட்டுக்கலாம்” என்பாள்.

இந்தச் சட்டத்தால்தான் அன்றைக்கு நாங்கள் மாட்டிக்கொண்டோம்.

அது ஒரு மூட்டமான ஞாயிறு. வானம் அழுக்குத் தண்ணீர் மாதிரி இருந்தது, காற்று துளிகூட இல்லை. அன்று வந்தவர்கள் நாற்பத்தொரு பேர் என்று என் மனைவி சொல்வாள். எனக்கு நானூறு போலத்தான் தெரிந்தது. துவைத்து முடித்து, பிழிகிற மெஷின் கடைசிச் சுற்று சுற்றி நின்றதும், தெருவில் டமார் என்று ஒரு சத்தம். டிரான்ஸ்பார்மர் போய்விட்டது. உலர்த்துகிற மெஷின் இல்லை, இஸ்திரிப் பெட்டி இல்லை, விசிறிகூட இல்லை. நாற்பத்தொரு முனிவர்களும் ஈரத் துணி மூட்டைகளும் நாங்களும்தான் மிச்சம்.

அந்த நேரத்தில்தான் ஹார்ன் வழக்கம்போலத் தேநீர் குடிக்க வந்து சேர்ந்தார். அவர் பேருந்துப் பணிமனையில் சோதனை ஓட்டுநர். பிரேக் மாற்றிய வண்டிகளை ஆளில்லாமல் ஓட்டிப் பார்ப்பது அவர் வேலை. வாசலில் ஒரு காலிப் பேருந்து உறுமிக்கொண்டு நின்றது.

“எவ்வளவு நேரம் ஓட்டணும்?” என்று கேட்டேன்.

“ரெண்டு மணி நேரம். சுற்றுச்சாலையை ரெண்டு ரவுண்டு.”

“ஜன்னல் எல்லாம் திறக்குமா?”

“அதெல்லாம் திறக்கும். மூடுறதுதான் கஷ்டம்” என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏண்ணே அப்படி பார்க்கிறீங்க?” என்றார்.

கால் மணி நேரத்தில் கம்பிக்குக் கம்பி கயிறு கட்டிவிட்டோம். சட்டை, கால்சட்டை, வேட்டி, பாவாடை என்று ஒன்றுவிடாமல் கிளிப் போட்டு மாட்டினோம். கைப்பிடி வளையங்களில்கூட ஆளுக்கொரு பனியன் தொங்கியது. பதினொன்றே காலுக்கு ஹார்ன் கிளம்பினார். பேருந்து தெருமுனை திரும்பும்போது ஜன்னல்கள் வழியாக எல்லாச் சட்டைக் கைகளும் எங்களைப் பார்த்து ஆடின. நான் பதிலுக்குக் கையசைத்தேன். பெருமையில் எனக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடியது, இன்றுவரை குறையவில்லை.

உள்ளே வந்து எல்லோருக்கும் இரண்டாவது தேநீர் ஊற்றினோம். விரிப்பைப் போர்த்திக்கொண்டு கடைசியில் உட்கார்ந்திருந்த ஒருவர் என்னைக் கேட்டார்:

“மணி என்ன ஆச்சுங்க?”

“பதினொண்ணு இருபத்தஞ்சு சாமி.”

கொஞ்ச நேரம் கழித்து, கிழிசல் தைக்க வாரா வாரம் வருகிற தையல்கார அம்மாவிடம் கேட்டார். அவரும் சொன்னார். பிறகு இன்னொரு முறை என்னிடமே கேட்டார். நான் மறுபடியும் மணியை மட்டும் சொன்னேன். ஏன் கேட்கிறீர்கள் என்று கேட்கக் கூடாதே! சட்டத்தை அவ்வளவு ஒழுக்கமாகக் கடைப்பிடித்தோம்.

கடைசியில் சட்டம் போட்டவளே அதை உடைத்தாள். என் மனைவி அவர் எதிரே போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “அண்ணே, எங்கயாவது போகணுமா?” என்றாள்.

அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஒரு காலத்தில் கைக்கடிகாரம் பழுது பார்க்கிற கடை வைத்திருந்தாராம். மனைவி இறந்து, கடையும் போன பிறகு, ஒன்பது வயது மகளை வேறு ஊரில் அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் பிழைப்புத் தேடி இங்கே வந்திருக்கிறார். பதினோரு வருடம் ஆகிவிட்டது. மாதம் தவறாமல் கடிதம் எழுதுவார். அவள் பதில் தபால் நிலையத்துக்கு வரும், ஜன்னலில் போய் வாங்கிக்கொள்வார். அந்தத் தபால் நிலையத்தின் பின்புறத் தாழ்வாரத்தில்தான் அவர் படுக்கை.

“அவளுக்கு வேலை கிடைச்சிருக்கு. சேரப் போறா. அந்த ரயில் இன்னைக்குப் பன்னிரண்டு நாப்பதுக்கு இங்க வருது. பன்னிரண்டு நிமிஷம் நிக்கும். மூணாவது பெட்டில இருப்பேன், பிளாட்பாரத்துக்கு வாங்கப்பான்னு எழுதியிருக்கா.”

“அட, அதுக்கென்ன!” என்று தையல்கார அம்மா ஒரு புதுச் சட்டையை எடுத்து நீட்டினார். “இதைப் போட்டுக்கிட்டுக் கிளம்புங்க.”

அவர் அதை வாங்கவில்லை. “எப்படி இருக்கேன்னு அவளுக்கு ஞாபகம் இருக்காதும்மா. கிளிப்பச்சைச் சட்டை போட்டுட்டு வர்றேன்னு எழுதிட்டேன். பள்ளிக்கூடத்துல தையல் கத்துக்கிட்டப்ப அவளே தைச்சு அனுப்பின சட்டை. அதை வச்சுத்தான் என்னைக் கண்டுபிடிப்பா.” பிறகு குரலைத் தாழ்த்தி, “நல்ல வேலைல இருக்கேன்னு எழுதிட்டிருக்கேன். நான் படுக்கிற இடம் அவளுக்குத் தெரிய வேணாம். அழுக்கோட போய் நிக்கக் கூடாதுன்னுதான் இன்னைக்கு இங்க வந்தேன்” என்றார்.

கிளிப்பச்சைச் சட்டை சுற்றுச்சாலையில் எங்கேயோ ஆடிக்கொண்டு போகிறது. அதை மாட்டிக் கிளிப் போட்டவன் நான். பேருந்து திரும்பி வரும்போது ரயில் போய்விட்டிருக்கும்.

அப்போது வாசலில் ஒரு தொண்டைக் கனைப்பு. தங்கையைத் தன் வீட்டுச் சாப்பாட்டுக்கு அழைத்துப்போக மச்சான் வந்து நின்றிருந்தார். எங்கள் ஞாயிற்றுக்கிழமை வேலையில் அவருக்கு ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை.

“பேர் கேக்க மாட்டோம், ஊர் கேக்க மாட்டோம்! ஒரு வார்த்தை கேட்டிருந்தா இந்த நிலைமை வருமா? பக்தின்னா புத்தியைக் கழற்றி வாசல்ல வச்சிட்டு வரணுமா?” என்று பொரிந்தார்.

“அண்ணே, திட்டுறதை அப்புறம் திட்டிக்கலாம். இப்ப பஸ் எங்க இருக்கும்? அதைச் சொல்லுங்க” என்றாள் என் மனைவி.

கணக்கு என்று வந்துவிட்டால் மனிதர் மாறிவிடுவார். கண்ணை மூடினார். “எத்தனை மணிக்குக் கிளம்பினான்? பதினொண்ணே கால். இங்கிருந்து தண்ணித்தொட்டி மூலை ரெண்டரைக் கிலோமீட்டர், அஞ்சு நிமிஷம். சுற்றுச்சாலை இருபத்தாறு. பிரேக் சோதனைன்னா முப்பதுக்கு மேல ஓட்ட மாட்டான். அம்பத்திரண்டு நிமிஷம். பன்னிரண்டு பன்னிரண்டுக்கு முதல் ரவுண்டு முடிச்சு மறுபடியும் தண்ணித்தொட்டி மூலைக்கு வருவான். இப்ப மணி பதினொண்ணு நாப்பத்தாறு. ஓடுங்க.”

ஓடவில்லை, மிதித்தேன். சலவைக்கூடத்தில் விரிப்புகளை ஓட்டலுக்குக் கொண்டுபோகிற மூன்று சக்கர வண்டி இருந்தது. அதன் பெட்டிக்குள் கடிகாரக்காரரை விரிப்போடு உட்கார வைத்தேன். “உங்களை நம்பி விட முடியாது. ரெண்டரைக் கிலோமீட்டரை நாலுன்னு நினைச்சு மிதிச்சுட்டே போயிடுவீங்க” என்று மச்சானும் ஏறிக்கொண்டார். அவர் எடை அப்போது நூற்றிருபது கிலோ. எழுபத்தெட்டு என்பது அவர் வாதம். மிதித்தது யார்?

வழியெல்லாம் ஜனங்கள் நின்று பார்த்தார்கள். வெள்ளைத் துணி போர்த்திய ஒருவரை வண்டியில் வைத்து மிதித்துக்கொண்டு போவதைக் கண்டு இரண்டு பேர் செருப்பைக் கழற்றி மரியாதை செய்தார்கள். கடிகாரக்காரர் விரிப்புக்குள்ளிருந்து கையெடுத்துப் பதில் வணக்கம் சொன்னதும் அந்த இருவரும் ஓடிய ஓட்டத்தை நான் எந்தப் பந்தயத்திலும் பார்த்ததில்லை.

பன்னிரண்டு எட்டுக்குத் தண்ணித்தொட்டி மூலைக்கு வந்துவிட்டோம். பன்னிரண்டு பன்னிரண்டு ஆயிற்று. பேருந்து வரவில்லை. பதின்மூன்று, பதினான்கு. மச்சானின் முகத்தில் அப்போது வந்த வெளுப்பை நான் வெளுத்த எந்தத் துணியிலும் கண்டதில்லை. கணக்கு தப்பிவிட்டது என்ற பயம் அவருக்கு. கடிகாரக்காரர் விரிப்பின் நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

பதினைந்துக்குத் தூரத்தில் ஹார்ன் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் அதுவரை வாழ்நாளெல்லாம் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அது என் காதில் நாதஸ்வரம்.

“ஏன் மூணு நிமிஷம் லேட்டு?” என்று மச்சான் பேருந்தை மறித்துக்கொண்டு கத்தினார்.

“ஒரு அம்மா கை காட்டி நிறுத்திட்டாங்க சார். உள்ள துணிதான் இருக்கு, ஆள் ஏறக் கூடாதுன்னு சொன்னா, அப்ப துணிக்கு மட்டும் பஸ் விடுறீங்களான்னு சண்டைக்கு வந்துட்டாங்க.”

சங்கதியைச் சொல்லி, மூன்று சக்கர வண்டியை மூலையில் விட்டுவிட்டு மூவரும் ஏறிக்கொண்டதும், ஹார்ன் பேருந்தை ரயில் நிலையத்துக்குத் திருப்பினார். உள்ளே சட்டைகள் முகத்தில் அறைந்தன. துழாவித் துழாவிக் கிளிப்பச்சையைக் கண்டுபிடித்தேன். உடம்புப் பகுதி காய்ந்துவிட்டது. காலரும் பையும் மட்டும் ஈரம். அதோடு ஒரே சுருக்கம். அந்தக் காலத்துப் பேருந்தில் எஞ்சின் ஓட்டுநருக்குப் பக்கத்திலேயே, இரும்பு மூடி போட்டு, உட்கார்ந்தால் வெந்துபோகிற சூட்டில் இருக்கும். சட்டையை அதன் மேல் விரித்தேன். ஹார்னின் சாப்பாட்டு டப்பாவைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தால் அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் ஒரு பக்கம், டப்பா ஒரு பக்கம், சட்டை ஒரு பக்கம். ஆனாலும் அந்தச் சட்டைக்கு விழுந்த மடிப்பு மாதிரி நான் பணம் வாங்கிக்கொண்டு எவருக்கும் போட்டுக் கொடுத்ததில்லை.

மச்சான் விரிப்பைத் திரைபோல விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குப் பின்னால் கடிகாரக்காரர் உடுத்திக்கொண்டார். கழுத்து அளவு தெரியாமல் மகள் தைத்த சட்டை, மேல் பட்டன் மாட்டவில்லை. அவசரத்தில் மற்றப் பட்டன்களையும் அவர் ஓட்டை மாற்றி மாட்டினார். மச்சான் விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு அவற்றை ஒவ்வொன்றாகச் சரியாகப் போட்டுவிட்டார். காட்டுவதற்குக் கண்ணாடி கொண்டுவரவில்லையே என்று நான் தவித்தபோது, ஹார்ன் ஒரு கையால் தலைக்கு மேலிருந்த பெரிய கண்ணாடியை அவர் பக்கமாகத் திருப்பினார்.

“பாருங்க சாமி” என்றேன்.

அவர் பார்த்தார். முடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டார். பின்னால் மற்றச் சட்டைகள் ஆடிக்கொண்டிருந்தன.

பன்னிரண்டு முப்பத்தேழுக்கு நிலைய வாசல். போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டே ஓடி வந்தார், வண்டி அங்கே நிற்கக் கூடாது என்று. நானோ காலில் செருப்பில்லாமல், உடம்பெல்லாம் எண்ணெயும் வியர்வையுமாக இருந்தேன். கடிகாரக்காரர் படியில் இறங்கி நின்றவர் நகரவில்லை. மச்சானைப் பார்த்து, “சார், நீங்க கூட வர்றீங்களா? கால் வரமாட்டேங்குது” என்றார். மச்சான் தன் சட்டையை ஒருமுறை நீவிவிட்டுக்கொண்டு, அவர் முழங்கையைப் பிடித்து அழைத்துப்போனார்.

நானும் ஹார்னும் நிலையத்தைச் சுற்றிச் சுற்றி வந்தோம். நாலாவது சுற்றில் இருவரும் வாசலில் நின்றார்கள். கடிகாரக்காரர் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார். “பார்த்துட்டேங்க. சட்டையைப் பார்த்து ஓடி வந்தா” என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. மச்சான் ஜன்னல் ஓரத்தில் போய் உட்கார்ந்து, கூடத்துக்கு வந்து சேருகிறவரை ஒரு சட்டைக் கைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு வந்தார். அன்று தொடங்கிய மௌனம்தான். எப்போது கேட்டாலும், “அப்படி ஒரு பஸ்ஸே ஓடலை.”

அந்த வாரமே கடிகாரக்காரருக்கு மச்சானின் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிற வேலை கிடைத்தது, தங்க ஒரு சின்ன அறையோடு. எப்படி என்று கேட்டால், “காலியிடம் இருந்துச்சு” என்பார் மச்சான். என் சிபாரிசுதான் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்தேன், அதற்கும் அவர் மறுப்புச் சொல்லவில்லை. கடிகாரக்காரர் பதினான்கு வருடம் அங்கே வேலை பார்த்தார். ஞாயிறு தோறும் கையை மடித்துவிட்டுக்கொண்டு எங்கள் தொட்டியில் வந்து நிற்பார். யாராவது இரண்டு முறை மணி கேட்டால் துணியைப் போட்டுவிட்டு ஓடிப்போய், “எங்க போகணும் சொல்லுங்க” என்று கேட்கிற முதல் ஆள் அவர்தான். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் என் மனைவி அனுமதி கொடுத்திருந்தாள். பிளாட்பாரத்தில் என்ன நடந்தது என்பதை மட்டும் அவரிடமிருந்து யாராலும் பிடுங்க முடியவில்லை. “சார் சொல்லக் கூடாதுன்னுட்டார்” என்பார். கடைசிவரை சொல்லாமலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

சலவைக்கூடம் இப்போது இல்லை. அந்த இடத்தில் வாகனம் நிறுத்துகிறார்கள். ஞாயிறு காலையில் கண் விழித்தால் எனக்கு இன்னும் சோடா உப்பு வாசம் வருகிறது. வரிசையாக உட்கார்ந்து தேநீரை ஊதிக் குடிக்கிற அந்த வெள்ளை விரிப்புக்காரர்கள் கண்ணில் நிற்கிறார்கள்.

போன ஞாயிறு அப்படி ஏதோ நினைவு வந்ததால்தானோ என்னவோ, எனக்குள் ஒரு குறும்பு கிளம்பியது. மச்சான் பூஜ்யம் என்று சொல்லி முடித்ததும், நான் ஹார்னின் நல்ல காதுப் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

“பிளாட்பாரத்துல நடந்ததை எனக்கு யாரோ சொன்னாங்கப்பா. பாவம், அந்தப் பொண்ணு வந்து அப்பாகிட்ட ஏதோ கேட்டிருக்கு. அவருக்கு வாய் அடைச்சுப் போச்சாம். நம்ம மச்சான் பக்கத்துல கம்பம் மாதிரி நின்னாராம். ஒரு ஒத்தாசை இல்லை, ஒரு பேச்சு இல்லை. ரயில் கிளம்பிப் போச்சு.”

இட்டுக்கட்டினேன். தப்பான விடையைக் கரும்பலகையில் விட்டுவிட்டு அவரால் வகுப்பை விட்டுப் போக முடியாது என்பது எனக்குத் தெரியும்.

“யார் சொன்னது?” மச்சான் கண்ணாடியை மாட்டினார். “நான் கம்பம் மாதிரி நிக்கலை!”

“பஸ்ஸே ஓடலையே மச்சான். அப்புறம் நீங்க எப்படி அங்க நிப்பீங்க?”

என் மனைவி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “அண்ணே” என்று மட்டும் சொன்னாள்.

பிறகு அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“மூணாவது பெட்டில இருந்து இறங்கினா. அங்கயும் இங்கயும் பார்த்தா. சட்டையைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடிச்சுக்கிட்டா. கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் அழுதாங்க. அப்புறம் கேட்டா, எங்கப்பா வேலை பார்க்கிறீங்க, எங்க தங்கியிருக்கீங்க, அடுத்த லீவுக்கு நான் அங்கயே வந்துடறேன்னு. அவரு என்னைப் பார்த்தாரு. அந்தப் பொண்ணும் என்னைப் பார்த்துச்சு.”

“நீங்க என்ன சொன்னீங்க?” என்றேன்.

“எங்க பள்ளிக்கூடத்துல மணி அடிக்கிறவருன்னு சொன்னேன். அங்கயே ரூம் கொடுத்திருக்கோம், ஸ்கூல் கடிகாரம் எல்லாம் இவர் பொறுப்புதான், இவர் இல்லைன்னா எங்களுக்குப் பாடவேளையே ஓடாதுன்னு…” குரல் உடைந்தது. “அது பாட்டுக்கு வருது மாப்ளே, வாயில. நீங்ககூட அப்படி அளந்திருக்க மாட்டீங்க. அந்தப் பொண்ணு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுச்சு. பொய்யனை.”

என் மனைவி எழுந்துபோய் அண்ணன் எதிரே உட்கார்ந்தாள்.

“மறுநாள் காலைல ஹெட்மாஸ்டர் வீட்டு வாசல்ல போய் நின்னேன். வேலை கொடுத்தாத்தான் நகருவேன்னேன். எட்டு இருபத்தஞ்சுக்குச் சரின்னார். பத்தொன்பது மணி நாப்பது நிமிஷம் அது பொய்யா இருந்துச்சு. அவ்வளவுதான். ஆனா பஸ் ஓடுச்சுன்னு ஒத்துக்கிட்டா, அடுத்த கேள்வி பிளாட்பாரத்துல என்னன்னு வருமே. அம்பது வருஷமா பசங்களுக்குப் பொய் சொல்லாதேன்னு சொல்லிக் கொடுத்தவன், எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்வேன்?”

“அம்பது இல்லையே மச்சான், முப்பத்தாறு வருஷம்தானே வாத்தியாரா இருந்தீங்க?” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார், இந்த முறை கண்ணைத் துடைக்க.

“சரி, முப்பத்தாறு. உங்க இருநூறும் தப்பு. நாப்பத்தொரு பேர், நூத்து மூணு உருப்படி, அதுல சட்டை முப்பத்தெட்டு. பஸ்ஸுல நின்னு நான்தான் எண்ணினேன்.” ஹார்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “நடந்துச்சு மாப்ளே. அந்த பஸ் ஓடுச்சு.”